சோறு போடுமா இந்தக் காட்டுப் படிப்பு? மூணாறு அம்மா ஒருவருக்குப் பதில்

அன்புள்ள அக்கா,

நீட்டில் மார்க் குறைந்த மகளை இன்னொரு வருடம் கோச்சிங்குக்கு அனுப்புவதா, நர்சிங்கில் சேர்ப்பதா, அவள் பிடிவாதமாகச் சொல்கிற காடு, விலங்கு ஆராய்ச்சிக்கு விடுவதா என்று கேட்டிருந்தீர்கள். "அது சோறு போடுமா?" என்று கடைசியில் ஒரு வரி. அதற்கே முதலில் பதில் சொல்கிறேன்.

சோறு போடும், தாமதமாகப் போடும். நர்சிங் முடித்த பிள்ளை 22 வயதில் சம்பளம் வாங்கத் தொடங்கிவிடும். இந்த வழியில் இளங்கலை, முதுகலை என்று ஐந்தாறு வருடம் கையில் காசு வராது. அப்புறம் சி.எஸ்.ஐ.ஆர். நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்கிற ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தால், முனைவர் பட்டத்துக்குப் படிக்கும்போதே மாதம் 37,000 ரூபாய் வரும். இரண்டு ஆண்டு கழித்து அது 42,000 ஆகும். வீட்டு வாடகைப் படி தனி. 2023 முதல் இதுதான் தொகை.

சிக்கல் நடுவில் இருக்கிறது. முதுகலை முடித்து ஜே.ஆர்.எஃப். கிடைக்கும் வரை பலரும் ஏதாவது ஓர் ஆராய்ச்சித் திட்டத்தில் ஒப்பந்த வேலையில் இருப்பார்கள். திட்டம் முடிந்தால் வேலையும் முடிந்தது. அடுத்தது கிடைக்கும் வரை சில மாதம் வருமானம் இருக்காது. தோட்டத்து லயத்து வீடு வேலையோடு சேர்ந்தது, ஓய்வு பெற்றால் விட வேண்டும் என்பது எனக்குத் தெரியும். நீங்களும் அவள் அப்பாவும் எந்த வருடம் ஓய்வு பெறுகிறீர்கள், அந்த வருடம் அவள் எந்தப் படியில் இருப்பாள் என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். இரண்டும் மோதினால், பி.எஸ்சி. முடித்ததும் பி.எட். பக்கம் திரும்பிக்கொள்ளலாம். அதில் ஒரு குறையும் இல்லை.

அவள் சொல்கிற ஆராய்ச்சி உங்களுக்கு அந்நியமானது இல்லை, அக்கா. நம்மைப் போலவே தேயிலைத் தோட்டம் சூழ்ந்த வால்பாறையில், யானைகள் எந்த வழியில் நடக்கின்றன, எந்த இடத்தில் ஆட்கள் எதிர்ப்படுகிறார்கள் என்று ஆய்வாளர்கள் ஆண்டுக்கணக்கில் குறித்து வைத்தார்கள். அதிலிருந்துதான் கைபேசிக்கு வரும் எச்சரிக்கைக் குறுஞ்செய்தியும், யானை பக்கத்தில் நிற்கும்போது எரியும் சிவப்பு விளக்கும் வந்தன. 2020 ஆகஸ்ட் 6 இரவு நம் பெட்டிமுடி லயங்கள் மேல் மலை சரிந்து 70 பேரை இழந்தோம். மலை எப்போது, எந்தச் சரிவில் இறங்கும் என்று சொல்ல மழை அளவும் மண்ணின் ஆழமும் மேலே காடு எப்படி மாறியது என்பதும் தெரிய வேண்டும். அதைக் கணக்கெடுக்க ஆட்கள் வேண்டும். நம் லயத்தில் பிறந்த பிள்ளை அந்த வேலைக்குப் போவதில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி.

"பொம்பளப் பிள்ளை தனியாகக் காட்டுக்குள் போகணுமா?" என்ற பயத்துக்கு வருகிறேன். சரணாலயத்துக்குள் ஆய்வு செய்ய வனத்துறை அனுமதி வேண்டும். உள்ளே போகும்போது பெரும்பாலும் வனத்துறை வாட்சரோ உள்ளூர் வழிகாட்டியோ கூட வருவார். அதோடு, காட்டில் கழியும் நாட்களைவிடக் கணினி முன் கழியும் நாட்களே அதிகம். விலங்கு கடந்தால் தானே படமெடுக்கும் கேமராப் பொறியில் பதிந்த ஆயிரக்கணக்கான படங்களைப் பிரித்து, எண்ணி, கணக்குப் போட வேண்டும். புள்ளியியல் பிடிக்காத பிள்ளைக்கு இந்தத் துறை கசந்துவிடும். அவளிடம் இதைச் சொல்லிவிட்டு முகத்தைப் பாருங்கள்.

சரி, என்ன படிப்பது? என் கருத்தை ஒளிக்காமல் சொல்கிறேன்: பெயரில் 'சுற்றுச்சூழல்' இருக்கிறது என்பதற்காக மட்டும் ஒரு தனியார் கல்லூரிப் படிப்பில் பணம் கட்டாதீர்கள். நல்ல அரசு அல்லது உதவிபெறும் கல்லூரியில் விலங்கியலோ தாவரவியலோ எடுக்கட்டும். 2024 முதல் கேரளத்தில் நான்காண்டுப் பட்டம் வந்துவிட்டதால், அந்தக் கல்லூரியில் புள்ளியியல் இருந்தால் அதை மைனர், அதாவது துணைப் பாடமாகச் சேர்த்துக்கொள்ளலாம். இந்தப் பட்டத்தோடு பி.எட். முடித்தால் ஆசிரியர் வேலைக்கும் போகலாம், 21 வயதானதும் யு.பி.எஸ்.சி. நடத்தும் இந்திய வனப் பணித் தேர்வும் எழுதலாம்.

முதுகலைக்கு மயிலாடுதுறை ஏ.வி.சி. கல்லூரியிலும் ஊட்டி அரசு கலைக் கல்லூரியிலும் வனவிலங்கு உயிரியல் இருக்கிறது. பெங்களூரில் உள்ள தேசிய உயிரியல் ஆராய்ச்சி மையமான என்.சி.பி.எஸ்.ஸிலும் இந்தப் படிப்பு உண்டு, இரண்டு ஆண்டுக்கு ஒருமுறைதான் சேர்க்கை, போட்டி கடுமை. இருந்தாலும் அவள் முயல வேண்டும்.

நீட் மார்க்கும் வீணில்லை. திருச்சூர் வெள்ளானிக்கரையில் உள்ள வனவியல் கல்லூரிக்குக் கேரளத்தில் நீட் மதிப்பெண் வழியாகத்தான் சேர்க்கிறார்கள். ஆனால் நீட் எழுதியது மட்டும் போதாது, கீம் என்ற கேரள அரசின் சேர்க்கை விண்ணப்பமும் தனியாகப் போட்டிருக்க வேண்டும். போட்டாளா என்று இன்றே கேளுங்கள். போட்டிருந்தால் விருப்பப் பட்டியலில் வனவியலை மேலே வைக்கச் சொல்லுங்கள். இன்னொரு வருடக் கோச்சிங் வேண்டாம். டாக்டர் ஆகும் ஆசை அவளுக்கு இல்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

இங்கிலீஷ் பற்றி ஒரு வார்த்தை. நெட் தேர்வில் தமிழ் கிடையாது. தமிழ் மீடியத்தில் படித்தவள் முதல் வருடம் திணறுவாள், இரண்டாம் வருடம் பிடித்துக்கொள்வாள். தமிழும் மலையாளமும் பேசத் தெரிந்திருப்பதும் இந்தத் துறையில் பெரிய பலம். முதுவான் பழங்குடி மக்களின் குடியிருப்பில் போய் உட்கார்ந்து, யானை முன்பு எந்த வழியில் வந்தது என்று விசாரிக்க வெளியூர் ஆய்வாளருக்கு மொழிபெயர்ப்பாளர் வேண்டும். இவளுக்கு வேண்டாம்.

எல்லாவற்றுக்கும் முன்னால் சான்றிதழ்கள். பட்டியல் சாதியினர் என்றால், உங்கள் குடும்பம் 1950க்கு முன்பே கேரளத்தில் இருந்ததற்கு ஆதாரம் கேட்பார்கள். தாத்தா பெயர் உள்ள பழைய தோட்டப் பதிவேடு, பள்ளிப் பதிவு எது கிடைத்தாலும் நகல் எடுத்து தேவிகுளம் தாலுகா ஆபீஸுக்குப் போங்கள். ஒரே நடையில் முடியாது, அதனால் இந்த வாரமே தொடங்குங்கள். அலாட்மெண்ட் வந்ததும் எனக்கு எழுதுங்கள், எந்தக் கல்லூரி என்று நாம் இருவரும் சேர்ந்து பார்க்கலாம்.