பரண்ல 212 கேசட்... தூக்கிப் போடவா, வெச்சுக்கவா?

கேள்வி: அக்கா, எனக்கு ஊர் குத்தாலம் பக்கம், வயசு 45. பழைய ஓட்டு வீட்டைப் பிரிச்சுட்டு புதுசா கட்டறோம். பரண்லேர்ந்து ரெண்டு ட்ரங்குப் பெட்டியை இறக்கி எண்ணிப் பாத்தா 212 கேசட். எல்லாம் 93லேர்ந்து 97 வரைக்கும் நான் வாங்கினது, பதிஞ்சது. வீட்டம்மா பழைய சாமான்காரர்கிட்ட போடுங்கறாங்க. பிளஸ் ஒன் படிக்கற பொண்ணு 'எல்லாம் போன்லயே இருக்குப்பா'ங்குது. எனக்கு மனசு வரல. நான் பழசுலயே வாழ்றேனாம், ரெண்டு நாளா வீட்டுல பேச்சுவார்த்தை இல்ல. 95ல பொங்கலுக்கு பாட்ஷா, தீபாவளிக்கு முத்து, மாயவரத்துக்கு சைக்கிள்ல போயி முதல் நாளே பாத்தோம். அந்தக் காலம் மாதிரி வருமாக்கா? கேசட்டை என்ன பண்றது?

பதில்: தம்பி, நீங்க கேட்டது ரெண்டு கேள்வி. கேசட்டை என்ன பண்றதுங்கறதுக்கு என்கிட்ட நல்ல பதில் இருக்கு. அந்தக் காலம் மாதிரி வருமாங்கறதுக்கு நான் சொல்றது உங்களுக்குப் பிடிக்காது, அதனால அதை முதல்ல சொல்லிடறேன்.

நீங்க சைக்கிள் மிதிச்சுப் போயி பாட்ஷா பாத்த அதே பொங்கலுக்கு நான் திருவாரூர் பக்கம் ஒரு கிராமத்துல வாசல்ல கோலத்துக்கு செம்மண் இட்டுட்டு இருந்தேன், எனக்கு அப்ப 19 வயசு. படம் பாத்துட்டு வந்த எங்கண்ணன் திண்ணையில நின்னு வசனம் பேசிக் காமிச்சான், அதான் எனக்குப் படம். நிஜமா பாத்தது அதுக்கப்புறம் எவ்வளவோ நாள் கழிச்சு ஒரு கல்யாண வீட்டுல வீடியோ டெக்கு வாடகைக்கு எடுத்துப் போட்டப்ப, அதுவும் விடியக்காலை மூணாவது படமா, பாதி தூக்கத்துல. வெள்ளிக்கிழமை டிவியில ஒலியும் ஒளியும் பாக்க மேலத்தெருவுல ஒரே ஒரு வீடு, அவங்க சாப்பிடற நேரம் வந்துட்டா கதவைச் சாத்திடுவாங்க, அப்புறம் ஜன்னல் கம்பியைப் பிடிச்சுட்டு நின்னு மிச்சப் பாட்டு. ஆன்டெனாவைக் கொஞ்சம் தெக்கால திருப்பினா இலங்கை ரூபவாஹினி புள்ளி புள்ளியா வரும், அதைத் திருப்ப கூரை மேல ஏறறது பையனுங்க வேலை, 'வந்துருச்சா, வந்துருச்சா'ன்னு மேலேர்ந்து கத்தறதுக்கு 'வரல, இன்னும் கொஞ்சம்'னு கீழேர்ந்து பதில் சொல்றது எங்க வேலை. 96 மார்ச்ல கல்கத்தாவுல உலகக் கோப்பை கிரிக்கெட்ல இலங்கைகிட்ட செமி ஃபைனல் தோத்து கூட்டம் பாட்டில் எறிஞ்சு மேட்சே பாதியில நின்னுச்சே, அன்னிக்கு எங்க தெரு ஆம்பளைங்க யாரும் சோறு திங்கல, பொங்கிப் போட்ட பொம்பளைங்கதான் அவ்வளவையும் தண்ணி ஊத்தி வெச்சாங்க.

இதெல்லாம் கஷ்டம்னு சொல்லல. எனக்கும் அது சந்தோஷமான காலந்தான். ஆனா நீங்க 'அந்தக் காலம்'னு சொல்றப்ப அது ஒரு சைக்கிள் வெச்சிருந்த பையனோட காலம், அவ்வளவுதான். உங்க கடிதத்தை ரெண்டு தடவை படிச்சுட்டேன், உங்க வீட்டம்மா 95ல எந்த ஊர்ல இருந்தாங்க, அவங்களுக்கு எந்தப் பாட்டு பிடிக்கும், அவங்க வீட்டுல டேப் ரெக்கார்டர் இருந்துச்சா இல்லையா, ஒரு வரி கூட இல்ல. இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியும் கேட்டதில்லன்னா 212 கேசட்டும் அவங்களுக்கு உங்க சாமான்தான், தூசி தட்டறது மட்டும் அவங்க பங்கு. இன்னிக்கு சாயங்காலம் டீ குடிக்கறப்ப கேளுங்க. உங்க கதையை நடுவுல நுழைக்காம கேளுங்க.

சரி, இனி கேசட்.

முதல்ல உங்க பொண்ணு சொல்றது முக்கால்வாசி சரி. கம்பெனி கேசட்ல இருக்கற சினிமாப் பாட்டு போன்ல இதைவிட சுத்தமா இருக்கு. 92ல ரோஜா வந்தப்ப நம்ம ஊர் மோனோ டேப் ரெக்கார்டர்ல கேக்காத சத்தமெல்லாம் அதுக்குள்ள இருந்துச்சுன்னு எனக்கு ஹெட்போன் வாங்கின அப்புறந்தான் தெரிஞ்சுது. அதனால கடையில அட்டையோட வாங்கின கேசட்டை அழாம ஒரு பக்கம் ஒதுக்குங்க. பழைய சாமான்காரர் அதுக்கு ஒண்ணும் தரப் போறதில்ல, வாங்கி சேக்கறவங்க இருக்காங்க, சும்மா குடுத்தாக்கூட சந்தோஷமா வந்து எடுத்துட்டுப் போவாங்க.

ஆனா ஒதுக்கறதுக்கு முன்னாடி ஒண்ணு பாக்கணும். கேசட்டோட முதுகுப்பக்கம் ரெண்டு மூலையிலயும் சின்னதா ஒரு பிளாஸ்டிக் பல்லு இருக்கும்ல? அதை உடைச்சிருந்தா மேல எதுவும் பதிய முடியாது, ரெக்கார்ட் பட்டனே இறங்காது. கம்பெனி கேசட்ல உடைஞ்சேதான் வரும். அந்த ஓட்டையில செல்லோடேப் ஒட்டியிருந்தாலோ பேப்பர் திணிச்சிருந்தாலோ யாரோ அது மேல எதையோ பதிஞ்சிருக்காங்கன்னு அர்த்தம். அட்டையில பக்திப் பாட்டுன்னு இருக்கும், உள்ள உங்க தாத்தா மாடு வாங்கின கதை சொல்லிட்டு இருப்பார். ஒட்டு போட்ட கேசட் ஒண்ணைக்கூட வெளிய விடாதீங்க.

ரெண்டாவது ரகம் ரெக்கார்டிங் சென்டர்ல பதிஞ்சது. எழுதிக் குடுத்த லிஸ்ட் ஞாபகம் இருக்கா? 60 கேசட்டுன்னா ஒரு பக்கம் 30 நிமிஷம், ரெண்டு பக்கமும் சேத்து 12 பாட்டு, மிஞ்சிப் போனா 13. அந்தப் பன்னெண்டுல எதை விடறதுன்னு நோட்டு பின்பக்கம் எழுதி எழுதி அடிச்சு, கடைசியில கடைக்காரர் இடம் மிச்சம் இருக்குன்னு நாம கேக்காத ஒரு பாட்டைப் போட்டு பாதியில கட் பண்ணி விட்டிருப்பார், அப்புறம் அந்தப் பாதிப் பாட்டுதான் நமக்கு ரொம்பப் பிடிச்சுப் போயிருக்கும். இந்தப் பாட்டெல்லாமும் போன்ல கிடைக்கும், எந்தப் பாட்டுக்கு அப்புறம் எந்தப் பாட்டுங்கற வரிசைதான் கிடைக்காது. அதனால உள்ள இருக்கற அட்டையை மட்டும் நல்ல வெளிச்சத்துல போட்டோ எடுங்க, அதே வரிசையில போன்ல லிஸ்ட் போட்டுக்கங்க. கேசட்டா ஒரு பத்து வெச்சுக்கங்க போதும், பத்து எவைங்கறதை லிஸ்ட் எழுதின அதே கஞ்சத்தனத்தோட முடிவு பண்ணுங்க.

மூணாவது ரகந்தான் முக்கியம். பேர் எழுதாத கேசட், 'காதுகுத்து'ன்னு பென்சில்ல கிறுக்கினது, இலங்கை வானொலியிலேர்ந்து பிடிச்சது, வெளிநாட்டுலேர்ந்து வந்த பேச்சு கேசட். கூத்தாநல்லூர், முத்துப்பேட்டை பக்கமெல்லாம் கடுதாசிக்குப் பதிலா கேசட்ல பேசி ஊருக்குப் போற ஆள்கிட்ட குடுத்து விடுவாங்க, வீட்டுல எல்லாரும் சுத்தி உக்காந்து கேட்டுட்டு அதே கேசட்ல பதில் பேசி திருப்பி அனுப்புவாங்க. உங்க பெட்டியில அப்படி அடுத்த வீட்டுது ஏதாவது வந்து மாட்டியிருந்தா முழுசா கேக்காதீங்க, அவங்ககிட்ட சேத்துடுங்க.

என் வீட்டுலயும் ஒண்ணு இருக்கு. எங்கண்ணன் ரெக்கார்டரைத் தொடக்கூடாதுன்னு சட்டம் போட்டிருந்தான். அவன் காலேஜுக்குப் போனதும் நான் எடுத்துப் பாட்டு போட்டேன், பிளே அமுக்கறப்ப பக்கத்துல இருந்த செவப்புப் பட்டனும் சேந்து இறங்கிடுச்சு, அவனே பதிஞ்ச கேசட்டு, பல்லு உடைக்கல. பதறிப் போயி நிறுத்தறதுக்குள்ள 11 செகண்டு போயிடுச்சு. மேட்டூர் திறந்து நாளாச்சு, எங்க கடைமடைக்குத் தண்ணி வரலன்னு எல்லாரும் வாய்க்காலையே பாத்துட்டு இருந்த நேரம். அந்த 11 செகண்டுல கொல்லைப்பக்கத்துலேர்ந்து எங்கம்மா 'ஏய், தண்ணி வந்துடுச்சாம்டி, அப்பாவை எழுப்பு'ன்னு கத்தறாங்க, ஒரு சொம்பு உருள்ற சத்தம், அப்புறம் டொக்குன்னு மறுபடி பாட்டு. அண்ணன் ஒரு வாரம் என்கூட பேசல. இன்னிக்கு அந்தப் பாட்டை போன்ல சுத்தமா கேட்டாலும் ரெண்டாவது சரணம் வந்தா எனக்கு அந்த சொம்பு உருளும். அண்ணன் இப்ப சிங்கப்பூர்ல இருக்கான், போன வருஷம் அந்த 11 செகண்டை மட்டும் வெட்டி அனுப்பச் சொன்னான், பாட்டு வேண்டாமாம்.

இப்ப எப்படி எடுக்கறதுன்னு சொல்றேன், நான் பண்ணி சொதப்பினதையும் சேத்து. பரண்லேர்ந்து இறக்கின கேசட்டை நேரா ரெக்கார்டர்ல போடாதீங்க. நாடா மேல வெள்ளையா பூசணம் இருந்தா அது ரெக்கார்டருக்குள்ள நாடா உரசிப் போற ஹெட்டுல ஒட்டி அடுத்த கேசட்டுக்கும் பரவும், நம்ம ஊர் ஈரத்துக்கு அது சகஜம். அந்த மாதிரியெல்லாம் தனியா எடுத்து வெச்சு தெரிஞ்சவங்ககிட்ட குடுங்க. அடுத்தது, நாடா தெரியற வாய்ப்பக்கம் நடுவுல சின்ன பஞ்சு மாதிரி ஒரு பட்டை இருக்கும், பசை காய்ஞ்சு அது விழுந்திருந்தா சத்தம் கெணத்துக்குள்ளேர்ந்து வர மாதிரி இருக்கும், கேசட் கெட்டுப்போச்சுன்னு நினைக்காதீங்க, ஸ்க்ரூ போட்ட கேசட்டா இருந்தா நாடாவை அப்படியே இன்னொரு கூட்டுக்கு மாத்திடலாம். நான் இது தெரியாம மூணு கேசட்டைக் குப்பையில போட்டுட்டேன். கேக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவை முழுசா முன்னாடி ஓட்டி, முழுசா பின்னாடி ஓட்டுங்க, வருஷக்கணக்கா சுத்தியிருந்த நாடா கொஞ்சம் இளகும்.

பழைய ரெக்கார்டர் வீட்டுல இருந்தாலும் உள்ள இருக்கற ரப்பர் பெல்ட் உருகி தார் மாதிரி ஆகியிருக்கும், மாத்தித் தர மெக்கானிக் கும்பகோணத்துலயோ தஞ்சாவூர்லயோ தேடினா கிடைப்பார். ஹெட்டை ஸ்பிரிட் தொட்ட பஞ்சால துடைங்க. சத்தம் மந்தமா இருந்தா ஹெட்டு பக்கத்துல இருக்கற குட்டி ஸ்க்ரூவை ரொம்ப லேசா திருப்பிப் பாக்கச் சொல்லுங்க, வேற டெக்குல பதிஞ்ச கேசட்டுக்கு அதுல திடீர்னு தெளிவு வரும். ஹெட்போன் ஓட்டையிலேர்ந்து வயர் போட்டு, யூஎஸ்பில மாட்டற சின்ன ஆடியோ கருவி வழியா லேப்டாப்புக்கு. ஆடாசிட்டின்னு இலவச சாஃப்ட்வேர் இருக்கு, வேவ் ஃபைலா சேமிங்க, நிமிஷத்துக்கு சுமாரா 10 எம்பி, ஒரு கேசட்டுக்கு 600 எம்பி வரும். எம்பி3 அப்புறம் பண்ணிக்கலாம்.

ஒரு மணி நேர கேசட்டுக்கு ஒரு மணி நேரம் ஆகும், வேகமா எடுக்க வழி இல்ல. 212ஐயும் எடுக்கப் போறேன்னு உக்காந்தா நாளைக்கு ஒண்ணுன்னாலும் ஏழு மாசம், வீடே கட்டி முடிச்சிருவாங்க. அதனால மூணாவது ரகத்தையும் ஒட்டு போட்டதையும் மட்டும் எடுங்க, பாட்டு முடிஞ்சிடுச்சுன்னு நிறுத்தாம ரெண்டு பக்கமும் கடைசி வரைக்கும் ஓட விடுங்க, பி சைடு கடைசியிலதான் எப்பவும் ஏதாவது கிடக்கும். லேப்டாப் வேலையைப் பொண்ணுகிட்ட குடுங்க. 'எங்க காலத்துல'ன்னு மட்டும் ஆரம்பிக்காதீங்க, அது கேட்டா நீங்க சொல்லுங்க.

புது வீட்டுக்கு ட்ரங்குப் பெட்டி ரெண்டும் வராதுன்னு வீட்டம்மாகிட்ட நீங்களே முதல்ல சொல்லிடுங்க, ஒரு ஷூ டப்பா அளவுக்கு ஷெல்ஃபுல இடம் கேளுங்க. அவங்க பாட்டு ஒண்ணு அந்த டப்பாவுல இருந்தா இடம் கிடைக்கும்னு நினைக்கறேன்.

இப்ப அந்தப் பெட்டி எங்க இருக்கு? ஓடு பிரிச்ச வீட்டுத் திண்ணையில கிடக்குன்னா இன்னிக்கே பக்கத்து வீட்டுக்கு மாத்துங்க, ஐப்பசி அடைமழை வந்துட்டா ட்ரங்குப் பெட்டியெல்லாம் தாங்காது. வெறுந்தரையில வைக்காதீங்க, அடியில ரெண்டு செங்கல் குடுத்து வைங்க.