மார்க்கர் தோல்நிறம் உரிந்து வருவது ஏன்?

28 மி.மீ. உயரக் குட்டிப் பொம்மையின் முகத்தில் அக்ரிலிக் பெயிண்ட் மார்க்கர் நிறம் திட்டுத்திட்டாக நிற்கிறது, இரண்டாம் கோட் போட்டால் முதல் கோட்டும் சேர்ந்து உரிகிறது, குன்னூரில் இருக்கிறேன் என்று எழுதியிருந்தீர்கள். ஊரைச் சொன்னது நல்லதாயிற்று. மார்க்கர் மேல் தப்பில்லை, முதல் கோட் காயவில்லை. தொட்டால் காய்ந்த மாதிரி இருக்கும், உள்ளே ஈரம். அதன்மேல் கெட்டியான நிப் உரசினால் சுரண்டிக்கொண்டுதான் வரும். மேட்டுப்பாளைய வெயிலில் சட்டென்று காய்வது, உங்கள் மூட்டத்தில் ஒரு மணி நேரம்கூட இழுக்கும். ஹேர் டிரையரைக் குறைந்த சூட்டில், ஒரு அடி தள்ளிப் பிடித்துக் காட்டுங்கள்.

முகத்தில் நேராக வரையாதீர்கள். முகமே மூன்று நான்கு மி.மீ.தான், 0.7 மி.மீ. நிப்பும் அங்கே துடைப்பக்கட்டை. மூடியோடு நன்றாகக் குலுக்கி, டைல்ஸ் துண்டில் நிப்பை அழுத்தி ஒரு சொட்டு இறக்குங்கள். அரைச் சொட்டு தண்ணீர் கலந்து, 0 நம்பர் பிரஷ்ஷால் மெல்லிசாக இரண்டு கோட்.

மாநிறத்துக்கு பிரவுன் மூன்று பங்கு, மஞ்சள் ஓக்கர் (மண் மஞ்சள்) ஒரு பங்கு, சிவப்பு ஒரு பொட்டு. மூக்கு நுனி, கன்னமேட்டு வெளிச்சத்துக்கு வெள்ளை சேர்த்தால் விபூதி பூசியது போல் வெளிறிப்போகும், ஓக்கரையே கூட்டுங்கள். தாடைக்கு அடியில் கறுப்பும் வேண்டாம், அடர் பிரவுனில் துளி நீலம் போதும்.

ஸ்ப்ரே பிரைமர் (நிறத்துக்கு முன் அடிக்கிற அடிப்பூச்சு), ஸ்ப்ரே வார்னிஷ் (கடைசியில் அடிக்கிற காப்புப் பூச்சு) இரண்டையும் மூட்ட நாளில் தொடாதீர்கள், வெள்ளை பூத்துவிடும். பிரஷ்ஷில் பூசுகிற, பளபளக்காத மேட் வார்னிஷ் வாங்குங்கள். அதையும், நிறத்தை ஒரு ராத்திரி முழுக்கக் காயவிட்ட பிறகுதான் பூச வேண்டும்.