வீட்டுப் பக்கத்துச் சாலையில் இலை நிறம் பார்க்க எப்போது போவது?

கேள்வி: ஊருக்கு ஒதுக்குப்புறமாக, மரங்கள் அடர்ந்த சின்னச் சாலையோரம் குடியிருக்கிறோம். இலையுதிர்காலத்தில் வார இறுதியில்தான் நடக்கப் போக முடிகிறது. ஒரு வாரம் பாதி பச்சையாக இருக்கிறது, அடுத்த வாரம் பாதி மொட்டையாக நிற்கிறது. சரியான நாளை எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: அப்படி ஒரு நாள் கிடையாது. செய்திகளில் சொல்லும் இலை நிற 'உச்சம்' மலைச்சரிவு முழுவதையும் தூரத்திலிருந்து பார்ப்பவர்களுக்கானது. சாலையில் நடப்பவருக்கு மரம் மரமாகத்தான் நிறம் வரும். அதனால் நாளைத் தேடாதீர்கள், உங்கள் சாலையில் என்னென்ன மரம் நிற்கிறது என்று பாருங்கள்.

பெரும்பாலும் சுமாக் புதரும் வேலியில் படரும் வர்ஜீனியா கொடியும்தான் முதலில் சிவக்கும். நீர் தேங்கும் பள்ளத்தில் சிவப்பு மேப்பிள் இருந்தால் அதுவும் முந்திக்கொள்ளும். ஆஷ் மரமும் வால்நட் மரமும் சீக்கிரமே இலையைக் கொட்டிவிடும். அப்புறம் பிர்ச், சர்க்கரை மேப்பிள். எல்லாம் முடிந்தது என்று நினைக்கும்போதுதான் ஓக் செம்பழுப்பாகும். ஊசியிலை மரமான லார்ச்கூட பொன்னிறமாகி உதிரும். பலர் அதைப் பட்டுப்போன மரம் என்று நினைத்துக் கடந்துபோகிறார்கள்.

எந்த வாரம் எதைப் பார்ப்பது என்பதற்கு வானிலை உதவும். இரவு நீளும்போது இலை பச்சையம் தயாரிப்பதைக் குறைத்துக்கொள்கிறது. மஞ்சளைத் தரும் கரோட்டினாய்டு ஏற்கெனவே இலைக்குள் இருப்பதுதான். பச்சை விலகியதும் தெரிகிறது. அதனால் மஞ்சளாகும் பிர்ச் பெரும்பாலும் ஏமாற்றாது. சிவப்பு அப்படியல்ல. இலையில் தங்கிய சர்க்கரையைக் கொண்டு ஆந்தோசயனின் என்ற சிவப்பு நிறமி அப்போதுதான் உருவாக வேண்டும், அதற்கு வெயில் தேவை. பகலில் நல்ல வெயில், இரவில் உறைபனி இல்லாத குளிர் என்று சில நாள் தொடர்ந்தால் மேப்பிளைத் தேடிப் போங்கள். வெயிலே இல்லாமல் வெதுவெதுப்பாகக் கழிந்த ஆண்டில் சிவப்பு மங்கலாகத்தான் இருக்கும். கடும் உறைபனி முன்கூட்டியே வந்தால் இலை பழுப்பாகிக் கருகிவிடும்.

சுற்றிலும் பச்சையாக இருக்கும்போது ஒரு மரம் மட்டும் வெகு முன்பே நிறம் மாறினால் கொஞ்சம் கவனியுங்கள். வறட்சி, வேர்க்காயம், பனி கரையச் சாலையில் கொட்டும் உப்பு என்று ஏதாவது அதை வாட்டியிருக்கலாம். பார்க்க அழகுதான், ஆனால் உங்கள் வீட்டு மரமென்றால் விட்டுவிடாதீர்கள்.

வெயில் நாளில் காலையோ மாலையோ, சூரியன் உங்களுக்கு எதிரே இருக்கும்படி நடங்கள். ஒளி ஊடுருவி வரும்போது இலையின் நிறமே வேறு. ஆனால் அதே திசையில் வரும் ஓட்டுநருக்கும் கண் கூசும், நீங்கள் தெரிய மாட்டீர்கள். நடைபாதை இல்லாத சாலையில் எதிரே வரும் வண்டிகளைப் பார்த்தபடி, பளிச்சென்ற உடையில் ஓரமாக நடப்பது நல்லது. மேகமூட்டமான நாளையும் ஒதுக்க வேண்டாம். மழை விட்டதும் மரப்பட்டை கறுத்து, நிறம் எடுப்பாகத் தெரியும். படம் எடுப்பவர்கள் போலரைசர் வடிகட்டி போட்டால் ஈர இலையின் பளபளப்பு குறையும்.

வட அமெரிக்காவில் இருக்கிறீர்கள் என்றால், மூன்று மூன்றாக இலை விட்டுச் செக்கச்சிவந்து படரும் கொடியைப் பறிக்காதீர்கள். பாய்சன் ஐவியாக இருக்கலாம், தோலில் கொப்புளம் வரும்.

நிறம் வந்த பிறகு இலைக்காம்பின் பிடி தளர்ந்துவிடும், ஒரு காற்றுமழை போதும். வெள்ளிக்கிழமை மழை என்று அறிவித்தால் சனிக்கிழமைக்குக் காத்திருக்காமல் வியாழன் மாலையே ஓர் அரைமணி நேரம் போய்விட்டு வாருங்கள்.