180 கலைச்சொற்கள் மனப்பாடம், மதிப்பெண் மட்டும் மூன்று

கேள்வி: லண்டன் ஹாரோவில் இருக்கிறோம். மகன் இயர் 10. ஜி.சி.எஸ்.இ. (இயர் 11 முடிவில் எழுதும் பொதுத்தேர்வு) ஆங்கிலத்துக்காக டியூஷனில் 180 கலைச்சொற்கள் கொண்ட பட்டியல் கொடுத்தார்கள். அனாஃபோரா (அடுத்தடுத்த வரிகள் ஒரே சொல்லில் தொடங்குவது), பாலிசிண்டட்டன் ('அண்ட்' போன்ற இணைப்புச் சொல் திரும்பத் திரும்ப வருவது) என்று எதைக் கேட்டாலும் விளக்கம் ஒப்பிக்கிறான். ஆனால் பள்ளி மாதிரித் தேர்வில், ஏ.க்யூ.ஏ. என்ற தேர்வு வாரியத்தின் முதல் தாளில், கொடுத்த பத்தியில் எழுத்தாளர் மொழியை எப்படிக் கையாள்கிறார் என்று கேட்கும் இரண்டாம் கேள்விக்கு 8-க்கு 3தான். இன்னும் நிறையச் சொற்கள் படிக்க வேண்டுமா?

பதில்: வேண்டாம். படித்ததில் முக்கால்வாசி மறந்துபோனாலும் நட்டமில்லை.

அந்தக் கேள்விக்கான மதிப்பீட்டு அட்டவணையில் நான்கு படிகள். 7, 8 வாங்கும் மேல்படியில், கலைச்சொல்லை நுட்பமாகவும் பிழையின்றியும் கையாள வேண்டும் என்று இருக்கிறது. பல டியூஷன்களின் பிழைப்பே இந்த ஒரு வரியில்தான் நடக்கிறது. கையாள்வது நுட்பமாக இருக்க வேண்டும் என்பதை, வாயில் நுழையாத சொல்லாக இருக்க வேண்டும் என்று திரித்துவிட்டார்கள். 'வெர்ப்' (வினைச்சொல்) என்ற சாதாரணச் சொல்லை வைத்துக்கொண்டே எட்டும் வாங்கலாம்.

'தி விண்ட் ஷோல்டர்ட் தி ஓல்ட் டோர் ஓப்பன்' (காற்று அந்தப் பழைய கதவைத் தோளால் தள்ளித் திறந்தது) என்று ஒரு வரி வருகிறது. உங்கள் மகன் இப்படி எழுதியிருப்பான்: 'எழுத்தாளர் பெர்சானிஃபிகேஷனை (உயிரற்றதை ஆளாகக் காட்டுவது) பயன்படுத்தி வாசகர் மனத்தில் ஒரு காட்சியை உருவாக்குகிறார்.' இதை எந்தக் கதைக்கும் ஒட்டலாம். அதனால்தான் மதிப்பெண் விழவில்லை. எழுத வேண்டியது வேறு: 'ஷோல்டர்ட்' என்ற வெர்ப் காற்றுக்குத் தோளும் உடம்பும் கொடுக்கிறது, அனுமதி கேட்காமல் முட்டித் தள்ளி நுழையும் ஆளைப் போல இருக்கிறது, கதவோ பழையது, தாங்காது, ஆகவே வீட்டுக்குள் இருப்பவர் பாதுகாப்பாக இல்லை என்று தோன்றுகிறது. கலைச்சொல் ஒன்றுதான், மீதி முழுக்க அந்த வரியைப் பற்றியது.

வீட்டில் பழக்க வேண்டியது இது. பத்து நிமிடம் வைத்துக்கொள்ளுங்கள். கொடுத்த பத்தியில் ஒன்று முதல் நான்கு சொல் வரையான மூன்று மேற்கோள்களை எடுக்கட்டும். முதலில், அந்தச் சொல் என்ன நினைக்க வைக்கிறது, அதற்குப் பதில் வேறு சொல் போட்டிருந்தால் எது போயிருக்கும் என்று எழுதட்டும். கலைச்சொல்லைக் கடைசியில் செருகினால் போதும். பெயர் உறுதியாகத் தெரியாவிட்டால் 'சொல்', 'தொடர்' என்றே எழுதலாம். தப்பான பெயர் அதைவிட மோசம்.

தப்புகள் எங்கே நேரும் என்பதும் தெரிந்ததுதான். 'எல்ஒய்' என்று முடிந்தால் அட்வெர்ப் (வினையடை) என்று நினைப்பார்கள். 'ஃப்ரெண்ட்லி', 'லோன்லி' இரண்டும் அட்ஜெக்டிவ் (பெயரடை). 'வாஸ்' வந்தால் பேசிவ் (செயப்பாட்டுவினை) என்பார்கள். 'வாஸ் ரன்னிங்' பேசிவ் இல்லை. தமிழ் படித்த பெற்றோர் உதவப்போய் இன்னொரு குழப்பமும் வரும். உவமை சிமிலி, உருவகம் மெட்டஃபர், இதுவரை சரி. ஆனால் தற்குறிப்பேற்றத்தைப் பெர்சானிஃபிகேஷன் என்று சொல்லிக்கொடுக்காதீர்கள். மதுரை மதிற்கொடிகள் இயல்பாக அசைந்ததை, கோவலனை 'வராதே' என்று கைகாட்டியதாக இளங்கோ ஏற்றிச் சொன்னது தற்குறிப்பேற்றம். அங்கே காரணம் கற்பிக்கப்படுகிறது. பெர்சானிஃபிகேஷனுக்கு அது தேவையில்லை. அதேபோல் அலிட்டரேஷனை, அதாவது அடுத்தடுத்த சொற்கள் ஒரே ஒலியில் தொடங்குவதை, மோனை என்று விட்டுவிட்டால் எழுத்தைத்தான் பார்ப்பான். அது ஒலியைப் பொறுத்தது: 'நைஃப்', 'நோஸ்' எழுத்து வேறானாலும் சேரும், 'சிட்டி', 'கேட்' (பூனை) இரண்டும் ஆங்கில எழுத்து 'சி'யில் தொடங்கினாலும் சேராது.

பையனை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. இயர் 6-இல் 50 மதிப்பெண் இலக்கணத் தாள் வைத்து, அட்வெர்பியலுக்கு அடிக்கோடு போடு, சரியான கட்டத்தில் டிக் அடி என்று பழக்குகிறார்கள். அங்கே பெயர் சொன்னால் மதிப்பெண். நாலு வருடம் கழித்து அதே பிள்ளையிடம், பெயர் சொன்னால் மட்டும் போதாது என்கிறார்கள். நடுவில் விதி மாறிவிட்டதை யாரும் உட்கார்ந்து சொல்வதில்லை. அந்த இடைவெளியில்தான் பட்டியல் வியாபாரம்.

பட்டியல் உண்மையிலேயே உதவும் இடம் ஒன்று உண்டு: இயர் 12, 13-இல் படிக்கும் ஏ லெவல் இங்கிலீஷ் லாங்குவேஜ். கவனியுங்கள், லிட்டரேச்சர் இல்லை, லாங்குவேஜ். இரண்டும் தனித்தனிப் பாடங்கள். லாங்குவேஜில் மொழியியல் முறைப்படி அலச வேண்டும். மார்ஃபீம் (பொருள் தரும் மிகச்சிறிய கூறு), ஃபோனீம் (பொருளை வேறாக்கும் ஒலி), மோடாலிட்டி (உறுதி, கட்டாயம் போன்றவற்றைக் காட்டுவது), டெய்க்ஸிஸ் ('இங்கே', 'நாளை' போலச் சூழலைப் பொறுத்துப் பொருள் மாறும் சுட்டு) எல்லாம் அன்றாடக் கருவிகள். பொருத்தமான கலைச்சொல்லோடு அலசுவதற்கென்றே மதிப்பெண் ஒதுக்கியிருக்கிறார்கள். அங்கேயும் சும்மா பெயர் ஒட்டினால் நடக்காது, ஆனால் பெயர் தெரியாமலும் நடக்காது. மகன் இயர் 12-இல் அந்தப் பாடத்தை எடுத்தால், அப்போது பட்டியலைத் தேடுங்கள். லிட்டரேச்சரோ கணக்கோ எடுத்தால் தேட வேண்டாம்.

டியூஷனைத் தொடர்வதா என்றும் யோசிப்பீர்கள். இங்கிலாந்தில் டியூஷன் நடத்தச் சட்டப்படி ஆசிரியர் தகுதி தேவையில்லை. யாரும் பலகை மாட்டலாம். ஆகவே அடுத்த கட்டணம் கட்டுமுன் இரண்டு கேட்டுவிடுங்கள். என் மகனின் தேர்வு வாரியம் எது? கடைசியாக அவன் எழுதிய விடையை எந்தப் படியில் வைத்தீர்கள், ஏன்? பதிலுக்குப் பதில் இன்னொரு கையேட்டை நீட்டினால் எழுந்து வந்துவிடுங்கள். பழைய வினாத்தாளும் மதிப்பீட்டு அட்டவணையும் வாரியத்தின் இணையதளத்திலேயே இலவசம். அவற்றை அச்செடுத்து 40 பவுண்டுக்கு விற்றாலும் அவை அவையேதான்.