குர்லாவில் இறங்க மறந்தேன்... மறதி நோயா?

கேள்வி: வயது 47. மார்பகப் புற்றுநோய்க்கு ஆபரேஷன், கீமோ முடிந்து ஐந்து மாதம் ஆகிறது. சாம்பாரில் இரண்டு தடவை உப்புப் போடுகிறேன். பேசும்போதே வார்த்தை வராமல் நிற்கிறேன். போன வாரம் ரயிலில் குர்லாவில் இறங்க வேண்டியவள் வடாலா வரை போய்விட்டேன். “அம்மாவுக்கு வயசாயிடுச்சு” என்று பிள்ளைகள் சிரிக்கிறார்கள். என் அம்மாவுக்குக் கடைசிக் காலத்தில் மறதி நோய் இருந்தது. எனக்கும் அதுதானா?
- வாசகி, செம்பூர், மும்பை

பதில்: சகோதரி, நீங்கள் எழுதியிருப்பது அம்மாவுக்கு வந்ததுபோலத் தெரியவில்லை. கீமோ எடுத்த பலரும் சொல்வது இது. ‘கீமோ பிரெய்ன்’ என்று பெயரே உண்டு. கீமோ மருந்து மட்டும் காரணமல்ல. ரத்தசோகை, தூக்கமின்மை, அசதி, கவலை, சிகிச்சையால் மாதவிலக்கு நின்றுபோவது, புற்றுநோய் திரும்பாமலிருக்கத் தரும் ஹார்மோன் மாத்திரை எல்லாம் சேர்ந்துகொள்ளும். சிலருக்குக் கீமோ தொடங்கும் முன்பே இது வருவதுண்டு.

உப்புப் போட்டதை நீங்கள் மறக்கவில்லை. அடுப்பில் பால், கையில் போன், வாசலில் பேப்பர்காரர். அந்த நேரத்தில் உப்புப் போட்டது மனதில் பதியவே இல்லை. அதனால் ஒரு நேரத்தில் ஒரு வேலை. உப்புப் போட்டதும் கரண்டியை மூடிமேல் வையுங்கள், கண் பார்த்துச் சொல்லிவிடும். ரயிலில் ஏறியதும் போனில் அலாரம் வையுங்கள். தினமும் அரை மணி நேரம் நடந்தால் அசதியும் குறையும், தூக்கமும் வரும்.

பலருக்கு ஆறு மாதம், ஒரு வருடத்தில் தெளிகிறது. சிலருக்கு இன்னும் நாளாகும். ஹீமோகுளோபின், தைராய்டு, பி12 பார்க்க வேண்டுமா என்று டாக்டரிடம் கேளுங்கள். தூக்க மாத்திரை, அலர்ஜி மாத்திரை சாப்பிட்டால் அதையும் சொல்லுங்கள். ஹார்மோன் மாத்திரையை நீங்களாக நிறுத்தவே கூடாது. திடீர்க் குழப்பம், விடாத தலைவலி, வாந்தி, வலிப்பு, பேச்சுக் குழறல், கை கால் பலவீனம், குழப்பத்தோடு காய்ச்சல் - எது வந்தாலும் அன்றே ஆஸ்பத்திரி.

பிள்ளைகள் சிரிப்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது. அவர்களுக்கு விவரம் தெரியாது, அவ்வளவுதான். இந்தப் பக்கத்தைப் படிக்கக் கொடுங்கள்.

அடுத்த செக்கப்பில் “கொஞ்சம் மறதி டாக்டர்” என்று முடித்துவிட்டு எழுந்து வராதீர்கள். வடாலா வரை போனதைச் சொல்லுங்கள்.