பிகோ சாப்பிட்ட மறுநாள் காலை சர்க்கரை 190 ஏன்?

கேள்வி: வயது 52. மணிலாவில் வேலை. ஆறு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். காலையும் இரவும் மெட்ஃபார்மின் 500 சாப்பிடுகிறேன். டிசம்பர் வந்தால் பக்கத்து வீட்டு அம்மா பிகோ (அரிசி, தேங்காய்ப் பால், சர்க்கரை சேர்த்த பிலிப்பைன்ஸ் இனிப்பு) செய்து வாழையிலையில் வைத்துத் தருகிறார். பழுப்புச் சர்க்கரைதான், பயமில்லை என்கிறார். இரவு உணவுக்குப் பின் இரண்டு துண்டு சாப்பிட்டேன். இரண்டு மணி நேரம் கழித்து 170. மறுநாள் வெறும் வயிற்றில் 190. ஏன்?

பதில்: பழுப்புச் சர்க்கரை என்பது வெல்லப்பாகின் சாயல் ஒட்டிய வெள்ளைச் சர்க்கரைதான். இரத்தத்துக்கு நிறம் தெரியாது. ஆனால் பிகோவில் நான் முதலில் பார்ப்பது சர்க்கரையை அல்ல, அரிசியை.

'மலக்கிட்' என்று அங்கே சொல்லும் ஒட்டரிசி அது. நம் செட்டிநாட்டுக் கவுனி அரிசியைப் போலக் குழைந்து ஒட்டும். அரிசி மாவுச்சத்தில் இரண்டு வகை: மெல்லச் செரிக்கும் அமைலோஸ், விரைவாகச் செரிக்கும் அமைலோபெக்டின். இதில் அமைலோஸ் மிகக் குறைவு, ஏறக்குறைய முழுவதும் அமைலோபெக்டின். குடலில் சட்டென்று கரைந்து குளுக்கோஸாகிவிடும். சோற்றை ஆறவைத்து உண்டால் சர்க்கரை கொஞ்சம் குறைவாக ஏறும் என்பார்களே, அந்த உபாயமும் இந்த அரிசியிடம் அவ்வளவாகப் பலிக்காது.

அப்படியானால் 170தானே காட்டியது என்பீர்கள். அது தேங்காய்ப் பாலின் வேலை. கொழுப்பு, இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்தும். ஏற வேண்டிய சர்க்கரை நீங்கள் தூங்கும்போது ஏறியிருக்கலாம். மேலே தூவும் லாதிக்கையும் கவனியுங்கள். மணிலாப் பக்கம் அது தேங்காய்ப் பாலைச் சுண்டக் காய்ச்சினால் எண்ணெயில் மிஞ்சும் பொன்னிறத் துணுக்கு. நாட்டின் நடுவிலுள்ள விசயா தீவுகளில் அதே பெயருக்குத் தேங்காய்ப் பாலும் சர்க்கரையும் சேர்ந்த கெட்டிப் பாகு. அந்த அம்மா எந்த ஊர்க்காரர் என்று கேட்டுவிடுங்கள். பாகு என்றால் துண்டு இன்னும் சிறியதாகட்டும்.

அன்போடு தருவதை மறுக்கச் சொல்ல மாட்டேன். (நானும் மறுக்க மாட்டேன்.) இரண்டு விரல் அகலத்தில் ஒரே துண்டு, மதியத்தில், அன்றைய சோற்றுக்குப் பதிலாக. சாப்பிட்டதும் இருபது நிமிடம் நடங்கள். இரண்டு மணி நேரத்திலும் நான்கு மணி நேரத்திலும் சோதியுங்கள். ஈடுகட்ட மாத்திரையை நீங்களாகக் கூட்டிப் போடாதீர்கள்.

ஒரு சந்தேகமும் இருக்கிறது. பலருக்கு எதுவும் தின்னாமலே விடியற்காலையில் சர்க்கரை ஏறும். பிகோவைத் தொடாத மூன்று நாள் காலையில் பாருங்கள். அப்போதும் 130-ஐத் தாண்டினால் பழி பிகோவின் மேல் மட்டும் இல்லை. ஹெச்பிஏ1சி (இரண்டு மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும்) பரிசோதனை செய்துகொண்டு, மாத்திரை அளவு பற்றி உங்கள் மருத்துவரிடம் பேசுங்கள்.