உப்பு பூத்த சுவரில் காவி நிறம் நிற்குமா?

கேள்வி: ராயபுரத்தில் என் மாமனாரின் அப்பா வாங்கிய வீட்டில் இருக்கிறோம். இரண்டு பக்கமும் ஒட்டின சுவர். வெளிச்சத்துக்கு ஜன்னல் தெருப்பக்கம் ஒன்று, பின்கட்டில் ஒன்று, அவ்வளவுதான். தேக்கு உத்திரம் போட்ட பழைய கூரை, சிவப்பு சிமெண்ட் தரை. முன்கூடத்துக்குக் காவியும் மயில்நீலமும் அடித்து, மாமியாரின் தேக்கு பீரோவை அங்கேயே வைத்து, உள்ளே வந்ததும் எங்கள் வீடு என்று தெரிகிற மாதிரி செய்ய ஆசை. ஆனால் சுவரில் இடுப்பளவுக்கு உப்பு பூத்து, பெயிண்ட் உரிந்துகொண்டே இருக்கிறது. இன்டீரியர் செய்கிற ஒருவர், அடர் நிறம் சின்ன வீட்டுக்கு ஆகாது என்கிறார். கீழ்ச்சுவருக்கு பி.வி.சி. பேனல், மேலே ஃபால்ஸ் சீலிங், தரைக்கு டைல்ஸ், ஒரு டி.வி. யூனிட், எல்லாம் ஆஃப்-ஒயிட், 4.80 லட்சம், பாதிப் பணம் அட்வான்ஸ். பீரோவையும் 8,000 ரூபாய்க்கு அவரே எடுத்துக்கொள்கிறாராம். கொடுக்கலாமா? ஜன்னலுக்கு என்ன திரை போடலாம்?

பதில்: கொடுக்காதீர்கள். அந்தக் கொட்டேஷனை எடுத்துப் பாருங்கள், முக்கால்வாசி மூடுகிற வேலை. சுவரை மூடுகிறார், கூரையை மூடுகிறார், தரையை மூடுகிறார், பீரோவை வண்டியில் ஏற்றுகிறார். நீங்கள் கேட்ட நிறம் அதில் எங்கேயும் இல்லை.

சுவரிலிருந்து ஆரம்பிப்போம். உங்கள் வீடு செங்கல்லும் சுண்ணாம்பும் சேர்ந்தது. மண்ணில் இருக்கிற ஈரம் செங்கல் வழியாக மேலே ஏறும், வரும்போது உப்பையும் கரைத்துக்கொண்டு வரும். மேலே வந்ததும் தண்ணீர் காற்றோடு போய்விடும், உப்பு சுவரிலேயே தங்கிவிடும். வெள்ளையாகப் பூப்பது அதுதான். போதாததற்கு நீங்கள் இருப்பது கடலோரம். அந்த உப்பு காற்றில் இருக்கிற ஈரத்தையும் இழுத்து வைத்துக்கொள்ளும். மழையே இல்லாத நாளில்கூட சுவர் ஜில்லென்று இருப்பது அதனால்தான். சுண்ணாம்புப் பூச்சாக இருந்தவரை ஈரத்துக்கு வெளியே போக வழி இருந்தது. பிறகு யாரோ சிமெண்ட் பூசி, பட்டி பார்த்து, எமல்ஷன் அடித்திருப்பார்கள். எமல்ஷன் ஒரு பிளாஸ்டிக் தோல். உப்பு அதற்குப் பின்னால் கட்டியாகித் தள்ளத் தள்ளத் தோல் உரிகிறது. 'பத்து வருஷ வாரண்டி' டப்பாவும் இதே கதைதான். வாரண்டி அட்டையின் பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் படித்தால், கீழிருந்து ஏறும் ஈரத்துக்குப் பொறுப்பில்லை என்று பெரும்பாலும் அவர்களே எழுதியிருப்பார்கள்.

இதன் மேல் பி.வி.சி. பேனல் அடித்தால் என்ன ஆகும்? கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவுதான். ஈரம் பேனலுக்குப் பின்னால் நிற்கும், பூஞ்சை பிடிக்கும், கரப்பான் குடியேறும். இடுப்பளவில் இருந்த உப்பு, பேனல் முடிகிற இடத்துக்கு மேலே தலைகாட்டும். தரைக்கு டைல்ஸும் அதே போலத்தான். இப்போது தரை வழியாகக் கொஞ்சம் ஈரம் போகிறது. அதையும் அடைத்தால் அதுவும் சுவருக்குத்தான் போகும். அந்தச் சிவப்புத் தரையை இன்றைக்குப் போடச் சொன்னால் கை தெரிந்த கொத்தனார் கிடைப்பதே அரிது. ஆசிட் படாமல் கழுவி, துணியில் நாலு சொட்டு தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடையுங்கள். விரிசல் இருந்தால் இருக்கட்டும்.

நீங்களே செய்யக்கூடிய இரண்டு சோதனை இருக்கிறது. சாவியால் சுவரை ஒரு மூலையில் கீறிப் பாருங்கள். வெள்ளையாக, மாவு மாதிரி கொட்டினால் சுண்ணாம்பு. சாம்பல் நிறமாக, சாவியே வழுக்கினால் சிமெண்ட். அடுத்து, ஓர் அடிக்கு ஓர் அடி பாலித்தீன் தாளை உப்பு பூத்த இடத்தில் நான்கு பக்கமும் டேப் போட்டு ஒட்டி, இரண்டு நாள் விடுங்கள். தாளுக்கு உள்பக்கம் நீர் முத்துக் கோத்திருந்தால் ஈரம் சுவரிலிருந்து வருகிறது. வெளிப்பக்கம் மட்டும் நனைந்திருந்தால் அது அறைக்குள் இருக்கும் ஈரக்காற்று. ஜன்னலைத் திறந்து வைத்தாலே பாதி சரியாகும்.

சுவர் ஈரம்தான் என்றால், உப்பு ஏறிய உயரத்துக்கு மேலும் ஓர் அடி சேர்த்து சிமெண்ட் பூச்சைக் கொத்தி எடுக்கச் சொல்லுங்கள். செங்கல்லை உலர்ந்த பிரஷ்ஷால் தேய்த்து, உதிரும் உப்பை வாரிக் கொட்டுங்கள். தண்ணீர் ஊற்றிக் கழுவாதீர்கள், உப்பு மறுபடி உள்ளே போகும். வடகிழக்குப் பருவமழை முடிந்து, தை மாசியில் ஆரம்பித்து, சில வாரமாவது சுவரை வெறும் செங்கல்லாக விடுங்கள். அசிங்கமாகத்தான் இருக்கும், விருந்தாளிகள் கேட்பார்கள். அப்புறம் ஒரு பங்கு சுண்ணாம்புக்கு மூன்று பங்கு மணல் போட்ட பூச்சு. இதைப் 'பழைய காலத்து வேலை' என்று சொல்லிச் சிரிக்கிற மேஸ்திரியை அப்படியே திருப்பி அனுப்பிவிடுங்கள். இரவோடு இரவாக ஒரு கை சிமெண்ட் கலந்துவிடுவார்.

உங்கள் தெரு உங்கள் வாசல்படியை விட உயரமா என்று நீங்கள் எழுதவில்லை. வடசென்னையில் நான் பார்க்கிற பாதி வீடுகள் அப்படித்தான். பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதுத் தார் போட வேண்டும் என்று 2021-இலேயே அரசு சொல்லிவிட்டது. சொன்னது சொன்னபடி இருக்கிறது, ரோடு பாட்டுக்கு ஏறிக்கொண்டே இருக்கிறது. ஒவ்வொரு தடவையும் வீடு கொஞ்சம் கொஞ்சமாகப் பள்ளத்தில் இறங்குகிறது, மழைத் தண்ணீர் அஸ்திவாரத்தில் நிற்கிறது. அதற்கு வீட்டுக்காரர் பேனல் வாங்க வேண்டுமாம்! உங்கள் வாசலும் அப்படி என்றால், வெளிச்சுவர் ஓரம் தண்ணீர் தேங்காமல் ஓட வழி செய்த பிறகுதான் உள்வேலை.

ஒரே ஒரு விஷயத்தில் மேலே சொன்னது எல்லாம் செல்லாது. அதை விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் ஒட்டுச்சுவர் வீடுகளில் இது அடிக்கடி நடக்கிறது. சுவர் முழுக்க ஒரே உயரத்தில் கோடு போட்ட மாதிரி இருந்தால் அது மண்ணிலிருந்து ஏறும் ஈரம். கோடாக இல்லாமல் ஓரிடத்தில் மட்டும் திட்டாக, நாலடி ஐந்தடி உயரத்தில் இருந்தால், அந்தச் சுவருக்கு மறுபக்கம் என்ன இருக்கிறது என்று பாருங்கள். பெரும்பாலும் பக்கத்து வீட்டுக் குளியலறை இருக்கும். அல்லது அவர்கள் பிறகு சேர்த்துக் கட்டிய பாத்திரம் தேய்க்கிற தொட்டி. அவர்கள் வீட்டில் ஊருக்குப் போய்ப் பூட்டிக் கிடந்த நாட்களில் உங்கள் திட்டு காய்ந்ததா என்று யோசித்துப் பாருங்கள். காய்ந்திருந்தால் சந்தேகமே வேண்டாம். அப்போது நீங்கள் சுண்ணாம்பு பூசினாலும் சரி, தங்கத் தகடு அடித்தாலும் சரி, நிற்காது. குழாயும் தரைச் சரிவும் அவர்கள் பக்கம் சரியாக வேண்டும். சண்டையாகப் போகாமல், கொத்தனாரை முதலில் அவர்கள் வீட்டுக்கு அனுப்பி, கூலியில் பாதி நீங்கள் தருவதாகச் சொல்லுங்கள். நியாயம் இல்லைதான். ஆனால் மூன்று தடவை பெயிண்ட் அடிக்கிற செலவைவிடக் குறைவு.

சரி, நிறத்துக்கு வருவோம். சுண்ணாம்பே வெள்ளை என்பதால் அதில் எந்தப் பொடி போட்டாலும் ஒரு படி வெளுத்துத்தான் வரும். காவிப்பொடி இரும்புத் துரு வகை. சுண்ணாம்பின் காரத்துக்கு அசையாது. நீலப்பொடியும் நிற்கும், ஆனால் வான நீலம் வருமே தவிர மயில்நீலம் வராது. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று பொடியைக் கூட்டினால் சாய்கிறவர் முதுகில் எல்லாம் ஒட்டும். ஆகவே மயில்நீலத்தைக் கதவுக்கும் ஜன்னலுக்கும் எனாமலில் கொடுங்கள். சுவருக்குக் காவி. அதிலும், உப்பு எந்த உயரம் வரை ஏறுகிறதோ அந்த உயரத்துக்குக் கூடத்தைச் சுற்றிக் காவிப் பட்டை, அதற்கு மேலே வெள்ளை. பழைய உப்பு ஒரே பூச்சில் முழுதாகப் போகாது, கொஞ்சம் பூக்கத்தான் செய்யும். பொங்கலுக்கு முன்னால் அந்தப் பட்டையை மட்டும் தேய்த்து, பால் பதத்தில் ஒரு கோட் அடித்தால் போதும். வீடு முழுக்கத் தொட வேண்டாம். சுண்ணாம்பைக் கையாலும் தொடாதீர்கள், கண்ணில் தெறித்தால் ஆபத்து.

அடர் நிறம் ஆகாது என்பது அறையைப் பார்க்காமல் சொல்கிற பாட்டு. தெரு ஜன்னலை நேராகப் பார்க்கிற உள்சுவருக்கு மட்டும் பட்டையோடு நிறுத்தாமல் முழுக் காவி அடியுங்கள், வெளிச்சம் அதில் நேராக விழும். ஜன்னலை ஒட்டிய பக்கச் சுவர்களைப் பட்டைக்கு மேலே வெள்ளையாகவே விடுங்கள். கடைக்குப் போய் ஷேடு கார்டைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். இரண்டடி அட்டையில் அடித்து, காலையிலும் ராத்திரி விளக்கிலும் பாருங்கள். பல்பு டப்பாவில் 6500 கே என்று போட்டிருந்தால் அது நீலம் கலந்த வெள்ளை, காவி அதில் சேறு மாதிரி தெரியும். கூடத்துக்கு மஞ்சள் கலந்த 3000 கே வாங்குங்கள். நிறம் பிடிக்கவில்லை என்று மறுபடி அடித்தவர்களில் பலர் மாற்ற வேண்டியிருந்தது பல்பைத்தான்.

ஃபால்ஸ் சீலிங் வேண்டவே வேண்டாம். உங்களுடையது மெட்ராஸ் டெரஸ் என்கிற கூரை: தேக்கு உத்திரம், அதன் மேல் செங்கல்லைக் குத்துக்குத்தாக வைத்து சுண்ணாம்பில் கட்டியது. கரையான் ஏறினாலும் மழை கசிந்தாலும் அண்ணாந்து பார்த்தால் தெரியும். மூடிவிட்டால், உத்திரம் உளுத்துப்போன பிறகுதான் தெரியும். உத்திரத்துக்கு எண்ணெய், நடுவில் வெள்ளை. கூடத்துக்கு அதைவிட அழகு எவரும் செய்து தரப்போவதில்லை.

இனி அந்த இன்டீரியர்காரர். 'ஆர்க்கிடெக்ட்' என்று போட்டுக்கொள்ள 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு வேண்டும். 'இன்டீரியர் டிசைனர்' என்று போட்டுக்கொள்ள விசிட்டிங் கார்டு அடித்தால் போதும். இத்தனை லட்சம் கைமாறுகிற தொழிலுக்கு ஒரு பதிவேடுகூட இல்லை. ப்ளைவுட் கடையில் கமிஷன், ஹார்டுவேரில் கமிஷன், டைல்ஸில் கமிஷன். பெயிண்ட் டப்பாவுக்குள் பெயிண்டருக்கு டோக்கன் வருவது ஊரறிந்தது. ஆகவே உங்களுக்கு எது தேவை என்பதைவிட எதில் கமிஷன் என்பதுதான் பல கொட்டேஷன்களை எழுதுகிறது. சதுர அடி ரேட் என்பார்கள். பலகை கனம் 18 மி.மீ.யா 12-ஆ, பின்பலகை என்ன, கீல் செலவு யார் தலையில் என்று கேட்டால் 'அதெல்லாம் நல்லதாவே போடுவோம் மேடம்' என்பார்கள். நல்லதை எழுதித் தரச் சொல்லுங்கள்.

டி.வி. யூனிட் வேண்டும் என்றால் ப்ளைவுட்டை நீங்களே சைடன்ஹாம்ஸ் ரோட்டில் பில் போட்டு வாங்கி, ஆசாரிக்குக் கூலி மட்டும் பேசுங்கள். ஈரம் தாங்கும் மரைன் ப்ளைவுட் என்றால் ஐ.எஸ். 710 என்ற தர எண் பலகையிலேயே இருக்க வேண்டும். ஆனால் அந்த எண்ணை யார் வேண்டுமானாலும் பொய்யாக அடித்துவிட முடியும். அதோடு சி.எம்./எல். என்று தொடங்கும் உரிம எண் இருக்கிறதா பாருங்கள்; இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பி.ஐ.எஸ். கேர் செயலியில் அந்த எண்ணைப் போட்டால் உரிமம் யாருடையது, நடப்பில் இருக்கிறதா என்று வந்துவிடும். சந்தேகம் என்றால் கையளவு துண்டைப் பழைய பாத்திரத்தில் மூன்று நான்கு மணி நேரம் கொதிக்க வையுங்கள். மரைன் பலகைக்கான தரச்சோதனை 72 மணி நேரக் கொதிநீர். உங்கள் துண்டு சாயங்காலத்துக்குள்ளேயே ஏடு ஏடாகப் பிரிந்தால் கடைக்காரரிடமே கொண்டுபோய்க் காட்டுங்கள்.

பீரோவை 8,000-க்குக் கொடுத்தால் அது பாலிஷ் ஏறி வேறு எங்கோ பல மடங்கு விலைக்கு நிற்கும். 'கரையான் அரிச்சிருக்கு' என்று சொல்லியிருப்பாரே? இழுப்பறையை வெளியே எடுத்து, பின்பலகையையும் கால்களின் அடியையும் ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பாருங்கள். உள்ளே இறங்கவில்லை என்றால் மரம் கல்லாக இருக்கிறது. பழைய பாலிஷ் தெரிந்த ஆசாரியைக் கூப்பிட்டு, அரக்கும் ஸ்பிரிட்டும் கலந்த பிரெஞ்சு பாலிஷ் போடச் சொல்லுங்கள். மெஷின் வைத்துத் தேய்க்க விடாதீர்கள். கால்களுக்கு அடியில் ஈயத் தகடோ ரப்பரோ வைத்து, சுவரிலிருந்து நாலு விரல் தள்ளி நிறுத்துங்கள்.

அட்வான்ஸ் ஏற்கெனவே கொடுத்திருந்தால், இன்றைக்கே வாட்ஸாப்பில் எழுத்தாக ரத்து செய்து பணம் கேளுங்கள். ரசீது, ஸ்க்ரீன்ஷாட் எல்லாம் பத்திரம். தரவில்லை என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அதற்கும் மசியவில்லை என்றால் சென்னை வடக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் வரை கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை, இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். மூன்று மாதத்தில் தீர்ப்பு என்று சட்டம் சொல்கிறது. நாட்காட்டியில் குறித்து வைக்காதீர்கள். பணம் உங்கள் கையில் இருக்கும்வரைதான் உங்கள் பேச்சு எடுபடும் என்பதால், புதிதாக யாரிடம் வேலை கொடுத்தாலும் பத்து சதவீதத்துக்கு மேல் முன்பணம் வேண்டாம். மீதியை வேலை முடிய முடியக் கொடுங்கள்.

திரைக்கு உங்கள் பக்கத்து எம்.சி. ரோட்டுத் துணிக்கடைகளிலேயே பருத்தித் துணி எடுங்கள். ரெடிமேட் பாலியஸ்டர் வேண்டாம். காவிச் சுவருக்குப் பக்கத்தில் மஞ்சள் கலந்த வெள்ளை நன்றாக இருக்கும், ஓரத்துக்கு வேண்டுமானால் அந்த மயில்நீலத்தில் இரண்டு விரல் பட்டை. தைப்பதற்கு முன் ஒருமுறை நனைத்துக் காயப்போடுங்கள், இல்லாவிட்டால் முதல் சலவையில் திரை ஜன்னலுக்கு மேலே ஏறிவிடும்.